கவுண்டருக்கு இந்தப் பக்கம்

உட்கார்ந்தாகிவிட்டது. சும்மா ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இல்லை. முதுகு முழுக்கச் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை முன்னால் நீட்டி, கைப்பைக்கும் தனியாக ஓர் இருக்கை கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கால்மேல் கால் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும், ஆனால் டாக்டர் கூடாதென்றிருக்கிறார், போகட்டும். இந்தச் சிவப்பு மெத்தை இருக்கையை எத்தனையோ காலைகளில் ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். இதில் என் உடம்பு படுவது இன்றைக்குத்தான். நான் நினைத்த அளவுக்கு மெத்தென்று இல்லை, உள்ளே பலகை தட்டுகிறது, ஆனாலும் இதைவிடச் சுகமான இடம் இந்தச் சென்னையில் இல்லை, ஏனென்றால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் நிற்கிறாள். நிற்கிறாள். இரண்டு காலிலும் நிற்கிறாள். ஒரு காலத்தில் இந்தப் பட்டுச்சேலைத் தளத்துக்கே சூப்பர்வைசராக இருந்தவள், எங்களில் யாராவது ரேக்கில் சாய்ந்தால் மூக்கில் வேர்த்து ஓடி வருகிறவள், இப்போது மெரூன் யூனிஃபார்ம் சேலை கட்டி, நெஞ்சில் பெயர்ப் பட்டை குத்தி, "என்ன மாதிரி பாக்கீங்கம்மா, கல்யாணப் பட்டா, சும்மா கட்டுததுக்கா?" என்று என்னைக் கேட்கிறாள். என்னை. முத்துப்பேச்சியை. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருக்கிறேன், உடம்பு பெருத்துவிட்டது, முடியைத் தோளோடு வெட்டிவிட்டேன். அதோடு கஸ்டமரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கையைப் பார்ப்போம், செருப்பைப் பார்ப்போம், எடுக்கிற கட்சியா, புரட்டிப் போட்டுவிட்டுப் போகிற கட்சியா என்று பார்ப்போம். அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "எல்லாம் காட்டுங்க, பாக்கலாம்" என்றேன், திருநெல்வேலிப் பேச்சு வாயில் வந்துவிடாமல், மெட்ராஸ்காரி மாதிரி. எனக்குச் சேலை வேண்டாம். எனக்கு வேண்டியது அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்: அம்மா, முடியல, கொஞ்சம் உக்காந்துக்கிடட்டா? அதை அவள் கேட்க வேண்டும். நான் கூடாது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆபீசுக்கு லீவு போட்டு வந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வந்தேன். நல்ல காரியத்துக்குப் பட்டு எடுக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை வரமாட்டார்கள். தளமே காலி. அந்தக் கோடியில் ஒரு குடும்பம் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை பார்க்கிறது, மற்றபடி கவுண்டர் கவுண்டராகப் பெண்பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள். கூட்ட நாளில் நிற்பது ஒன்றுமில்லை. கை ஓடிக்கொண்டிருக்கும், கால் ஞாபகத்துக்கே வராது. ஆளில்லாத கடையில் நிற்பதுதான் நிற்பது. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, வெளியே வெயிலா மழையா தெரியாது, ஏசிக் குளிர் மட்டும் முட்டிக்குள் இறங்கும். மத்தியானச் சோறு வயிற்றில் விழுந்த பிறகு கண்ணைச் சுழற்றும் பாருங்கள், அந்த நேரம். அந்த நேரத்துக்குத்தான் வந்தேன். "இது அசல் ஜரிகம்மா, பிடிச்சுப் பாருங்க, கையில வழுக்கிட்டுப் போவும்." பிடித்துப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினேன். "வேற?" என்றேன். அவள் திரும்பி, எம்பி, மேல் தட்டிலிருந்து ஒரு கட்டை இழுத்து, இந்தப் பக்கம் திரும்பி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி விரித்தாள். சுண்டு இன்னும் போகவில்லை கிழவிக்கு. சேலை தண்ணீர் மாதிரி ஓடி வந்து என் மடிவரை விழுந்தது. கவுண்டருக்கு அடியில் ஸ்டூல் இருக்கிறதா என்று சேலையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தேன். இருக்கிறது. சட்டம் வந்துவிட்டதல்லவா, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று. டிவியில் அந்தச் செய்தி வந்த அன்று தோசைத் திருப்பியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தேன், தோசை கரியாகிவிட்டது. ஸ்டூல் வந்துவிட்டது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்தான் இன்னும் கிழியவில்லை. மேலே கேமரா இருக்கிறது. உட்காருகிறவள் யார், உட்காராதவள் யார் என்று தீபாவளி போனஸ் போடும்போது தெரிந்துவிடும்.

ஆபீசில் என் பக்கத்து இருக்கை நிர்மலா மேடம் தினமும் காலையில் வாட்ஸப்பில் ஏதாவது அனுப்புவார். போன வாரம் சோர்வைப் போக்கும் வழிகள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். நன்றாகத் தூங்குங்கள். மனம்விட்டுச் சிரியுங்கள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, மனம்விட்டுத்தான் சிரித்தேன். இந்தக் கடையில் நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக வேண்டுமென்றால் தங்கபுஷ்பத்திடம் டோக்கன் வாங்க வேண்டும், டோக்கன் ஒன்றுதான், அது எப்போதும் வேறு ஒருத்தியிடம் இருக்கும். காலைச் சாப்பாடு ஹாஸ்டலில் குளியலறை வரிசையில் நிற்கும்போதே ஆறிப்போயிருக்கும், பாதி நாள் வரிசையைவிட்டால் சோறு, சோற்றைவிட்டால் வரிசை. தூக்கம், ஒரு மின்விசிறிக்கு அடியில் தலை வைக்க முடிந்தவளுக்கு. சிரிப்பு மட்டும் குறைவில்லை, நாள் முழுக்கச் சிரிப்போம், கஸ்டமர் வந்தாலும் சிரிப்பு, போனாலும் சிரிப்பு, ராத்திரி படுத்தால் கால் வலிக்கு முன்னால் தாடை வலிக்கும். நிர்மலா மேடத்திடம் சொன்னால் நம்பமாட்டார். ஆனால் தெம்புக்கு எங்களிடமும் வழி இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியைச் சில்லுச் சில்லாக உடைத்து இடுப்பில் முடிந்துகொள்வோம், தலை சுற்றும்போது ஒரு சில்லை நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டால் ஒரு கல்யாண பார்ட்டியைச் சமாளித்துவிடலாம். செருப்பைவிட்டு ஒரு காலை மட்டும் வெளியே எடுத்துக் குளிர்ந்த டைல்ஸில் வைப்போம், பிறகு மற்றக் கால். ரேக்கின் விளிம்பில் இடுப்பு எலும்பைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் மேலே ஊக்கு. சேலைக்குக் குத்துகிற ஊக்கைக் கைதவறியதுபோல் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுகிற சாக்கில் குத்தவைத்து உட்காருவது. அடடா. அந்தக் கொஞ்ச நேரத்தில் ரத்தம் தொடைக்கு ஏறுவது தெரியும். அதையும் தங்கபுஷ்பம் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து ஊக்கு அவள் கையில். யாருக்காவது வேண்டுமென்றால் அவளே எண்ணிக் கொடுப்பாள்.

"இந்த மாம்பழ மஞ்சள் உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்மா." இருக்கும். கறுப்பியிடம் மஞ்சளைக் காட்டு, சிவப்பாயிருப்பவளிடம் பச்சையைக் காட்டு, மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தவளிடம் மாமியாரைப் பார்த்துப் பேசு. எல்லாம் எனக்கும் தெரியும். "பார்டர் பெருசா இருக்கு. சின்ன பார்டர் காட்டுங்க." திரும்பினாள். எம்பினாள். சின்ன பார்டர் எல்லாம் கீழ்த் தட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், மேலே எம்பி, பிறகு ஞாபகம் வந்து கீழே குனிந்தாள். குனிந்து எழும்போது கவுண்டரில் கை ஊன்றினாள். ஊன்று. நன்றாக ஊன்று. இதற்கு முன்னால் மாதக்கணக்கில் இந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மாரிக்கனி ஒரு நாள் போனில் சொன்னாள். அவள் என்னோடு இதே தளத்தில் வேலை பார்த்தவள், இப்போது ஊர்ப்பக்கம் நாசரேத்தில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள், இங்கிருக்கிற பிள்ளைகளோடு இன்னும் பேச்சுவார்த்தை உண்டு. "ஏட்டி பேச்சி, சங்கதி தெரியுமா? புஷ்பக்காவ எறக்கிட்டாவளாம். புதுசா ஒரு பயல மேனேஜராப் போட்டுருக்காவ. அக்கா கவுண்டர்ல நிக்காளாம். பாவம்டி, இந்த வயசுல." மாரிக்கனிக்குப் பாவம் என்று சொல்ல வருகிறது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு ஆபீசில் சிலிண்டர் வரவில்லையென்று கத்திய ஒவ்வொரு ஆளிடமும் தேன் ஒழுகப் பேசினேன். கேஸ் ஏஜென்சியில் புக்கிங் பார்க்கிறேன் நான். உட்கார்ந்து பார்க்கிற வேலை. வேறு எதையும் கேட்காமல் அந்த ஒன்றுக்காகச் சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, கோயிலில்கூட உட்காரத் தூண் பார்த்துவிட்டுத்தான் சாமி பார்ப்பேன். அப்படியும் சாயங்காலமானால் கால் மரக்கட்டை. தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது தங்கபுஷ்பத்தை இந்தக் கவுண்டரில் நிற்க வைப்பேன். சேலை சேலையாக விரிக்க வைப்பேன். மறுநாளைக்கு வேண்டிய தெம்பு எனக்கு அதில்தான் வந்தது. சோர்வைப் போக்கும் வழிகள் எழுதுகிறவன் ஒருத்தனும் பழி வாங்குங்கள் என்று எழுதுவதில்லை. எழுதிப் பார்க்கட்டும், பீட்ரூட் ஜூஸ் எல்லாம் பிச்சை எடுக்க வேண்டும்.

ஆடித் தள்ளுபடி. அந்த வார்த்தையைப் பேப்பரில் பார்த்தால் இன்றைக்கும் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. எனக்குக் காய்ச்சல். லீவு கேட்டால் ஆடியிலா என்று கேட்பார்கள், அதனால் கேட்கவில்லை, காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தேன். மத்தியானம் ஸ்டாக் ரூமுக்குச் சேலைக் கட்டு எடுக்கப் போனவள் அந்தக் கட்டின்மேலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தெரியும். தூங்கினது தெரியாது. கண்ணைத் திறந்தால் சுற்றி முகம். தளத்தில் இருந்த பெண்பிள்ளைகளை எல்லாம் சத்தமில்லாமல் கூட்டி வந்து என்னைச் சுற்றி நிறுத்தியிருக்கிறாள் தங்கபுஷ்பம். "மகாராணி எந்திச்சாச்சா? காப்பி கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றால் அடுத்தது தான்தான் என்று அவரவருக்குத் தெரியும். மாரிக்கனியும் சிரித்தாள், அதை நான் மறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "வாசல்ல போயி நில்லு. அங்க ஒறக்கம் வராது." ஆடி முடிகிறவரை வாசல். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், முன்னால் ரோட்டு வெயில், பின்னால் ஏசி, வருகிறவர்களுக்கு எல்லாம் கை கூப்பி வணக்கம் வாங்க, போகிறவர்களுக்கு நன்றி மறுபடி வாங்க. கூப்பின கையை இறக்கினால் தோள் வலிக்கும், இறக்காவிட்டாலும் வலிக்கும். பாதம் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைந்தது. கணுக்காலுக்கு மேலே நரம்பு புழு மாதிரி சுருண்டு எழுந்தது. அரித்தது, சொறிந்தேன், ஒரு நாள் அது பொட்டென்று வெடித்துவிட்டது. வலிகூட இல்லை. செருப்பில் வழுவழுவென்று ஏதோ, வெயிலில் கால் வேர்க்கிறது என்று நினைத்தேன். "அம்மா, அந்த அக்கா கால்ல ரத்தம்" என்று ஒரு குழந்தைதான் சொன்னது. தங்கபுஷ்பம் ஓடி வந்தாள். நான் அக்கா என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் சொன்னாள், "தரையத் தொடைட்டி மொதல்ல. கஸ்டமர் வழுக்கிருவாவ." நான் தரையைத் துடைத்தேன். என் ரத்தத்தை நானே, கையில் வைத்திருந்த கைக்குட்டையால், கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம், பளிங்கில் கோடுகோடாக இழுபட்டுப் போகிற அதை, மறுபடி மறுபடி.

அவளுக்கும் மேலே ஆள் இருந்தது, அவளும் சம்பளக்காரிதான், அவள் என்ன செய்வாள் என்பாள் மாரிக்கனி. இருக்கட்டும். முதலாளியை நான் ஆயுதபூஜை அன்றைக்குத் தூரத்தில் பார்த்ததோடு சரி, அவர்மேல் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு ஒரு முகம்கூடக் கிடையாது. எனக்குத் தெரிந்த முகம் இதுதான். இதோ, மூக்குத்தி போட்ட இடத்தில் சின்னத் தழும்போடு, மேலுதட்டில் வேர்வையோடு. ஏசியில் வேர்க்கிறது. நல்லது. வெடித்த காலோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்னை. அதற்குப் பிறகு எந்தச் சேலையையும் நான் கணுக்காலுக்கு மேலே கட்டியதில்லை, மழையில்கூடத் தூக்கிப் பிடித்ததில்லை. என்னை மறுபடி சென்னைக்குக் கொண்டுவந்த கல்யாணத்தில், மெட்டி போடும் நேரம், மாப்பிள்ளை என் காலைத் தூக்கி அம்மிமேல் வைக்கிறார், போட்டோக்காரன் கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறான், மண்டபம் முழுக்கத் திரையில் என் கால். நீலமும் பச்சையுமாகச் சுருண்டு கிடக்கிற என் கால். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி "அய்யய்ய, இது என்ன நோவு?" என்று கேட்டது நாதஸ்வரத்தைத் தாண்டிக் கேட்டது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், மெட்டியைப் போட்டுவிட்டுச் சேலையை இழுத்து அவரே மூடிவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை. ஆனால் மெட்டி போடாத கல்யாணம் மாதிரி ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பதில்தான் இன்றைக்கு. "இதுல பச்சை இருக்கா? இந்தப் பச்சை இல்ல, கொஞ்சம் வெளிர்."

களைப்பை நான் படிக்கத் தெரிந்தவள். தொழில் அது. முதலில் பேச்சு குறையும். நான் வந்து உட்கார்ந்த புதிதில் ஜரிகை, நூல், சாயம் என்று அளந்தவள் இப்போது "இது பாருங்க", "இது" என்று நிறுத்திக்கொள்கிறாள். பிறகு எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது. முதலில் எப்போதாவது, அப்புறம் அடிக்கடி. இப்போது தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறாள். பிறகு இடுப்பில் கை. வைத்தாள், கேமரா ஞாபகம் வந்ததோ என்னவோ, எடுத்தாள். கவுண்டர்மேல் சேலை மலையாகக் குவிந்துவிட்டது, எல்லாவற்றையும் கோடு மாறாமல் அவள்தான் மடித்து வைக்க வேண்டும். "ஒண்ணு உங்க மேல போட்டுக் காட்டுங்களேன். மடிப்பு எப்படி விழுதுன்னு பாக்கணும்" என்றேன். கல்யாணப்பெண் கட்டுகிற சிவப்புச் சேலை. அதைத் தோளில் போட்டு, கொசுவம் பிடித்து, இடுப்பில் சொருகி, முந்தானையை விரித்து நின்றாள், நரைத்த தலையோடு. அந்தக் கோடியில் நிற்கிற பெண்பிள்ளைகள் வாய்க்குள் சிரித்தார்கள். சிரியுங்கள். உங்களுக்கும் இருக்கும் கணக்கு. "திரும்புங்க" என்றேன். திரும்பினாள். அவளுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி. அதில் அவள் பாதம் தெரிந்தது. கணுக்காலில் ஏதோ கிழிந்த துணியை இறுக்கிச் சுற்றியிருக்கிறாள். துணிக்கு மேலே, துணிக்குக் கீழே, எனக்குத் தெரிந்த நீலம். பாவம் என்று ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. வந்த வழியே போ என்றேன். என் காலுக்கு யார் துணி சுற்றினார்கள்?

"அம்மா, ஒரு நிமிஷம். தண்ணி குடிச்சிட்டு வந்திருதேன்." குரல் வறண்டிருக்கிறது. "இத முடிச்சிட்டுப் போங்களேன், எனக்கும் லேட் ஆகுது" என்றேன். "சரிம்மா." அடுத்த கட்டைப் பிரித்தாள். பிரிக்கும்போது ஊக்கு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. விழுந்ததா, போட்டாளா? எனக்குத் தெரியாதா. குனியப் போனாள். முட்டி மடங்கத் தொடங்கியது, முகத்தில் இப்போதே பாதிச் சுகம் வந்துவிட்டது. "விடுங்க விடுங்க, எங்கிட்ட இருக்கு" என்று என் சேலையிலிருந்தே ஊக்கைக் கழற்றி நீட்டினேன். பாதி மடங்கின முட்டி மறுபடி நிமிர்ந்தது. வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்மா" என்றாள். அந்த ஒன்று போதும், இந்த மாதம் முழுக்க எனக்கு வைட்டமின் வேண்டாம். ஆனால் கேட்கமாட்டேன் என்கிறாளே. எவ்வளவு நேரமாயிற்று? வீட்டுக்காரர் போன் செய்தார், "சாப்ட்டியா? என்ன பண்ற?" என்றார், "உக்காந்திருக்கேன்" என்றேன், உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை, தங்கபுஷ்பம். உட்காரட்டா என்று ஒரு வார்த்தை. அது அவள் வாயில் இல்லவே இல்லையோ? ஆடுகிறாள், வேர்க்கிறாள், பல்லைக் கடிக்கிறாள், கேட்கமாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாகிவிட்டது. கடை மூடுகிறவரை நின்றுவிடுவாளோ? நின்றுவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள், பார்த்தியா, நிற்க முடியும், நீதான் சோம்பேறி என்று ஆகிவிடும். நான்தான் அன்றைக்குச் சேலைக் கட்டின்மேல் தூங்கினவள் என்று ஆகிவிடும். என் முதுகில் பலகை குத்த ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் களைப்பாக இருக்கிறது, இப்படியும் ஒரு கூத்து உண்டா? அவள் நிற்கிறாள், நான் வேர்க்கிறேன். போதும். இரண்டாவது வழி இருக்கிறது. "ஒண்ணும் சரியில்ல. உங்க மேனேஜரக் கூப்பிடுங்க" என்றேன்.

அவள் கை சேலையில் அப்படியே நின்றது. முகத்தில் இருந்த சொச்ச ரத்தமும் இறங்கியது. இதைத்தான், இதைத்தான் பார்க்க வந்தேன். "எதுக்கும்மா? நான் எதும் தப்பாப் பேசலையேம்மா." நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன். "அம்மா, ஏற்கனவே என்மேல ரெண்டு புகார் இருக்குன்னு சொல்லிருக்காவ. மெதுவா எடுக்கேன்னு. இங்கருந்தும் எடுத்துட்டா எனக்குப் போக்கெடம் கெடையாதும்மா. என்ன கலர் வேணும்னு சொல்லுங்க, குடோன்லருந்து எடுத்துட்டு வாரேன்." கண் கலங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு திம்திம் என்று அடிக்கிறது, கையெல்லாம் சில்லென்று, சந்தோஷம் இப்படித்தான் இருக்குமா? "கூப்பிடுங்க." அவள் கூப்பிடவில்லை, ஆனால் அதற்குள் யாரோ ஜாடை காட்டியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டேன். எடுத்துக் காட்டவே சலிச்சுக்கிறாங்க. மூஞ்சி கொடுத்துப் பேசல. இப்படி ஆளை வெச்சிருந்தா யார் வருவா. உட்கார்ந்தபடியே சொல்ல வேண்டும், தலையைக்கூட முழுசாகத் திருப்பாமல், சாய்ந்தபடி. பின்னால் பளிங்கில் தோல்செருப்பு டக் டக்கென்று வந்தது. கூடவே வாக்கிடாக்கி கரகரப்பு. பக்கத்துக் கவுண்டர்ப் பிள்ளைகள் ரேக்கைவிட்டு விலகி நிமிர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. "என்னாச்சுக்கா, என்ன ப்ராப்ளம்?" என்றது ஒரு குரல். எனக்கும் அந்தப் பையனுக்கும் கண்ணுக்குக் கண் நேராக இருந்தது. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. என்னைவிட எவ்வளவோ சின்னவன், மீசைகூட இப்போதுதான் அரும்புகிறது, கழுத்தில் கயிறு, கயிற்றில் அட்டை. உட்கார்ந்திருக்கிறவளுக்கு அட்டைதானே நேராகத் தெரிய வேண்டும், முகம் எப்படித் தெரிகிறது? குனிந்து பார்த்தேன். என் கால் செருப்புக்குள் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். கை இரண்டும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தது. "வணக்கம் சார்" என்று என் வாய் சொல்லியும் முடித்திருந்தது.

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். கையையோ செருப்பையோ இல்லை. முகத்தை. நான் கூப்பின கையைப் பிரிக்கப் பார்க்கிறேன், வரவில்லை. "ஏட்டி..." என்றாள் மெதுவாக. "நீ நம்ம பேச்சில்லா? முத்துப்பேச்சி?" பையன் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். "தெரிஞ்சவங்களா?" என்றான். தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். இவ்வளவு நேரம் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தவள் ஆணி அடித்த மாதிரி நின்றாள். களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, தண்ணீர் கேட்ட குரலில் தண்ணீர் வந்துவிட்டது, கன்னத்தில் ரத்தம் வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள், சூப்பர்வைசராக இருந்தபோது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "நான் பழக்குன புள்ள சார் இவ. எத்தன வருசமாச்சு, பாத்தீங்களா? இன்னும் மறக்கல." பெருமை அவளுக்கு. பெருமை. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான், கஸ்டமரைப் பார்க்கிற பார்வை போய் வேறு பார்வை வந்தது. "ஓ, ஸ்டாஃபா இருந்தவங்களா? சூப்பர். என்னமோ புகார்னாங்க?" சொல். வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாய், சொல். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். "சும்மா பாக்க வந்தேன்." அவன் சிரித்தான், கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பழைய கதை கேட்கிற ஆசையோடு, அவசரமே இல்லாமல். "பரவால்ல, எதுக்கு நிக்கிறீங்க? உக்காருங்க." எனக்குப் பின்னாலேயே இருக்கிறது இருக்கை, கெண்டைக்காலில் அதன் விளிம்பு படுகிறது, முட்டியை மடக்கினால் போதும். மடங்கு என்றேன். உள்ளுக்குள் கத்தினேன். "இருக்கட்டும் சார்" என்றேன். அவன் போகிறவரை நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.